இரண்டு டவர்களுக்கு நடுவே ஒரு சீட்டாட்டம்

கேரள-தமிழ்நாடு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கும் இடைப்பட்ட ஒரு கொப்பரைக் களத்தில் பதினேழு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். ரேஷன் அட்டையும் ஆதாரும் பாலக்காடு மாவட்டத்து முகவரியில் இருக்கின்றன. பேச்சு தமிழ், தேங்காய் விலை பொள்ளாச்சிச் சந்தையினுடையது. சாவடிக்கு இந்தப் பக்கம் கள்ளுக்கடைக்கு அரசு உரிமம் உண்டு, அந்தப் பக்கம் கள் இறக்கினால் வழக்கு. இந்தப் பக்கம் 1967 முதல் அரசாங்கமே லாட்டரி நடத்துகிறது, அந்தப் பக்கம் 2003 ஜனவரியோடு லாட்டரிக் கடைகள் அனைத்தும் மூடப்பட்டன. ஆகவே ஒரே காரியம் கூப்பிடு தூரத்தில் குற்றமாகவும் குற்றமில்லாததாகவும் இருப்பது எங்களுக்குப் புதுமையான செய்தி அல்ல. 2020 முதல் 2025 வரை கைப்பேசியில் பணம் வைத்துச் சீட்டாடிய எனக்கு அந்தப் பழக்கமே ஒருவகைத் துணிச்சலைக் கொடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறந்திருக்கும் என்ற நினைப்பிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள்.

கல்யாண வீடுகளில் விடிய விடியப் பதின்மூன்று சீட்டு ரம்மி ஆடியவன்தான் நான். 2019-இல் களத்துக்கு வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் ஒரு செயலியைக் காட்டினார். பொதுமுடக்க மாதங்களில் களம் பூட்டிக் கிடந்தபோது அது முழுநேரப் பொழுதுபோக்காகிவிட்டது. அப்போது என் மாதச் சம்பளம் 22,000 ரூபாய். ஆரம்பத்தில் நூறு, இருநூறு என்று போட்டு ஆடினேன்.

2020 செப்டம்பரில் ஆந்திர அரசு இணையவழி ரம்மியையும் போக்கரையும் தடை செய்தது. சித்தூர் மாவட்டத்தில் ஆடியவர்கள் மீது வழக்கு என்று யாரோ அனுப்பிய செய்தியைப் பார்த்து, என் சித்தப்பா மகன் நடுங்கிப்போய் என்னை அழைத்தான். எங்கள் தாலுகாவின் பெயரும் சித்தூர் என்பதால் வந்த வினை அது. "அண்ணா, நம்ம சித்தூர் இல்லீங்களே?" என்று அவன் மூன்று முறை கேட்டான். சிரித்தேன். இரண்டு மாதம் கழித்து, நவம்பரில், தமிழ்நாடு அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வீடு சாவடிக்கு அந்தப் பக்கம். செயலியைத் திறந்தால் அவன் இருக்கும் மாநிலத்தில் இந்த ஆட்டம் கிடைக்காது என்று ஒரு வரி வந்து நின்றது. மறுநாள் மாலை அவன் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கள் களத்துக்கு வந்துவிட்டான். தேங்காய் மூட்டைகளின் மேல் அமர்ந்து, கேரள மண்ணில், சட்டப்படி ஆடினான். அவனைப் போல வேறு பலரும் அந்தக் குளிர்காலத்தில் எல்லையோரத் தேநீர்க் கடைகளில் கைப்பேசியைக் குனிந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வசதியும் நீடிக்கவில்லை. 2021 பிப்ரவரியில் கேரள அரசு 1960-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, பணயம் வைத்து ஆடும் இணைய ரம்மிக்கு இருந்த விலக்கை நீக்கியது. அறிவிக்கை ரம்மியைப் பற்றி மட்டுமே பேசியது. என் செயலியில் ரம்மி மேசைகள் மறைந்தன. போக்கர் மேசைகள் அப்படியே இருந்தன. அதுவரை போக்கர் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. இரண்டு சீட்டுக் கையில், ஐந்து சீட்டு மேசையில் என்ற அந்த ஆட்டத்தை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். ரம்மியைத் தடுக்க வந்த உத்தரவு என்னைப் போக்கருக்கு மாற்றிவிட்டது. எவ்வளவு இழந்தோம் என்பதை உணர முடியாத வேகத்தில் நடக்கும் ஆட்டம் அது.

பிறகு தீர்ப்புகள் வந்தன. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அவசரச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருந்த தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தத்தை ரத்து செய்தது. செப்டம்பர் 27 அன்று கேரள உயர் நீதிமன்றம் பிப்ரவரி அறிவிக்கையை ரத்து செய்தது. இரண்டுக்கும் அடிப்படையாக நின்ற வாதம் ஒன்றுதான்: ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடப்படும் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லியிருக்கிறது, பணயம் வைப்பதால் மட்டும் திறமையாட்டம் சூதாட்டமாகிவிடாது. அன்று நான் வாங்கிக்கொண்டு போன இனிப்பை என் மனைவி எதற்கென்று கேட்டபோது, கொப்பரை விலை ஏறியிருக்கிறது என்று பொய் சொன்னேன்.

அந்த 1968-ஆம் ஆண்டுத் தீர்ப்பை வெகுநாள் கழித்துத்தான் முழுதாகப் படித்தேன். ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் இடையே, செகந்திராபாத்தில் உள்ள ஒரு மனமகிழ் மன்றத்தில் ஆடிய ரம்மி பற்றி நடந்த வழக்கு. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று அறிய வேண்டும், ஆகவே மூன்று சீட்டைப் போல இது வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று நீதிமன்றம் கூறியது. எல்லாச் செயலிகளும் இந்தப் பகுதியைத்தான் எடுத்துக் காட்டின. அதே தீர்ப்பில், பணயம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்து மன்றத்தின் உரிமையாளர் லாபம் பார்க்கிறார் என்பதற்குச் சான்று இருந்தால் குற்றம் நிலைக்கலாம் என்று இன்னொரு வாக்கியமும் இருக்கிறது. அதை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. போக்கரின் நிலையோ இன்னும் தெளிவற்றது: குஜராத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் 2017-இல் அதைச் சூதாட்டம் என்றார், சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் அதைத் திறமையாட்டம் என்றது.

என் பிழை தீர்ப்பைப் படிக்காததில் மட்டும் இல்லை. திறமையாட்டம் என்று நீதிமன்றம் சொன்னதை, எனக்குத் திறமை இருக்கிறது என்று எனக்கே கொடுத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டேன். மல்யுத்தமும் திறமைதான், அதற்காக நான் களத்தில் இறங்கினால் முதுகுதான் மண்ணில் படும். ஆட்டத்தில் திறமைக்கு இடம் உண்டு என்றால், என்னைவிடத் திறமைசாலி என் பணத்தை எடுத்துக்கொள்வான் என்பதும் அதற்குள் அடக்கம்.

அதைவிட முக்கியமானது மேசைக் கட்டணம். ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவே சேரும் தொகையில் ஒரு பகுதியை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். கணக்குப் பிள்ளையாக இருந்தும் இதை நான் மூன்று ஆண்டுகள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சமத் திறமையுள்ள ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாயோடு ஒரு போக்கர் மேசையில் உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு அறுபது ஆட்டம், ஒவ்வொன்றிலும் சராசரியாக நூறு ரூபாய் சேருகிறது, அதில் ஐந்து ரூபாய் கட்டணம். ஒரு மணி நேரத்தில் 300 ரூபாய் மேசையை விட்டே வெளியேறிவிடும். தலைக்கு 50 ரூபாய். நான்கு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் 200 ரூபாய், அதாவது கொண்டுவந்ததில் ஐந்தில் ஒரு பங்கு, யாரிடமும் தோற்காமலே இழந்திருப்பார்கள். கல்யாண வீட்டு ரம்மியில் இந்த ஓட்டை கிடையாது. ஒருவன் விட்டதை இன்னொருவன் எடுப்பான், அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போட்ட நாளில்தான் களத்துப் பேரேடு போலவே ஒரு நோட்டில் போட்டது, எடுத்தது இரண்டையும் வங்கிக் குறிப்பிலிருந்து தேதிவாரியாக எழுதினேன். மொத்த நஷ்டம் 1,86,000 ரூபாய் என்று வந்தது. அதற்கு முந்தைய நாள் யாராவது கேட்டிருந்தால் முப்பதாயிரம் போயிருக்கும் என்று உண்மையாகவே நம்பிப் பதில் சொல்லியிருப்பேன். ஜெயித்த இரவுகள் நினைவில் தங்குகின்றன. ஆகவே ஆடுகிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் வங்கிக் குறிப்பை எடுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். செயலி காட்டும் வெற்றிப் பட்டியலை நம்பக் கூடாது.

இதற்கிடையே தமிழ்நாட்டில் சட்டம் மறுபடியும் மாறியது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை அளித்தது. அக்டோபரில் அவசரச் சட்டமும் மசோதாவும் வந்தன. 2023 மார்ச்சில் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் அது சட்டமானது. அதில் ஆடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடையை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. இந்த ஊசலாட்டத்தில் எல்லைக்காரர்களுக்கு ஒரு தனி இக்கட்டு உண்டு. கைப்பேசி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று செயலி பார்க்கும். எங்கள் களத்தின் தென்மூலையில் நின்றால் சில நேரம் தமிழ்நாட்டுப் பக்கத்து டவர் பிடிக்கும். பாதி ஆட்டத்தில் மேசை அணைந்துவிடும், வைத்த பணம் போனது போனதுதான். சிலர் இருப்பிடத்தை மறைக்கும் வி.பி.என். செயலிகளைப் போட்டு ஆடினார்கள். நிறுவனங்களின் விதிமுறைகளைப் பொறுமையாகப் படித்தால், அப்படி ஆடியது தெரிந்தால் கணக்கிலுள்ள பணத்தை முடக்கும் உரிமையை அவர்கள் தமக்கென்று எழுதி வைத்திருப்பது தெரியும். சட்டத்தை ஏமாற்றியதாக நினைத்தவர்கள் உண்மையில் தம் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழியைத்தான் அடைத்துக்கொண்டார்கள்.

வரி விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இன்றும் பலருக்கு இது பாக்கியாக நிற்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் இணைய விளையாட்டில் கிடைக்கும் நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதத்தை நிறுவனமே பிடித்தம் செய்ய வேண்டும் என்று வருமான வரிச் சட்டத்தில் புதிய பிரிவு வந்தது. அந்த நிதியாண்டில் ஒரு செயலியில் 60,000 ரூபாய் போட்டு 74,000 எடுத்தேன். நிகரம் 14,000, பிடித்தம் 4,200. இன்னொரு செயலியில் 20,000 ரூபாய் தோற்றிருந்தேன். மொத்தத்தில் எனக்கு நஷ்டம். ஆனால் முதல் நிறுவனம் தன் கணக்கை மட்டுமே பார்க்கும். அந்த நஷ்டத்தைச் சம்பளத்திலிருந்தும் கழிக்க முடியாது. அடிப்படை வரிவிலக்கு வரம்பும் இந்த வருமானத்துக்குப் பொருந்தாது. சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐ.டி.ஆர். 1 படிவத்தில் இந்த வெற்றித் தொகையைக் காட்ட இடமில்லை என்பது தெரியாமல் நான் அதையே தாக்கல் செய்தேன். வருமான வரித் தளத்தின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் 14,000 ரூபாய் தெளிவாக இருந்தது. பொருந்தவில்லை என்று செய்தி வந்தபின், ஐ.டி.ஆர். 2 படிவத்தில் திருத்தித் தாக்கல் செய்தேன். ஆட்டம் சட்டப்படியானதா இல்லையா என்பதற்கும் அதில் வந்த பணத்துக்கு வரி உண்டா என்பதற்கும் தொடர்பில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், போடும் தொகை முழுவதன் மீதும் 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு முன் நிறுவனங்கள் தம் கட்டணத்தின் மீது மட்டும் 18 சதவீதம் கட்டி வந்தன. நூறு ரூபாய் போட்டால் வரி போக 78 ரூபாய் 12 காசுதான் ஆட்டத்துக்கு மிஞ்சியது. பல நிறுவனங்கள் அந்த வித்தியாசத்தை ஊக்கத்தொகையாகத் திருப்பிக் கொடுத்து மறைத்தன. அதனால் வரி வந்ததே ஆடுகிறவனுக்குத் தெரியவில்லை. அந்த ஊக்கத்தொகையை அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியவில்லை, ஆடித்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்று விதிகள் வந்தன. ஜூனில் உயர் நீதிமன்றமும் அவற்றை ஏற்றது. என்னைக் கேட்டால், இத்தனை ஆண்டுகளில் வந்த ஏற்பாடுகளிலேயே ஆடுகிறவனின் உடம்பை அறிந்து எழுதப்பட்டது இது ஒன்றுதான். நான் பெரிய தொகை விட்டதெல்லாம் இரவு ஒரு மணிக்கு மேல்தான். ஆனால் எல்லை இருக்கிறதே. சித்தப்பா மகன் மறுபடியும் பைக்கில் வரத் தொடங்கினான். பதினொன்றரைக்கு வந்து களத்துத் திண்ணையில் படுத்துக்கொள்வான். மூன்றாவது இரவு முதலாளி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஏப்பா, வீட்ல சண்டையா?" என்று கேட்டார். அவன் ஆமாம் என்றான். ஒரு மாதத்துக்குள் அந்தப் பொய் உண்மையாகிவிட்டது.

2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் இணைய விளையாட்டு மசோதா வந்து அன்றே நிறைவேறியது, மறுநாள் மாநிலங்களவை, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல். திறமையா அதிர்ஷ்டமா என்ற ஐம்பது ஆண்டு வழக்காட்டத்தையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் ஒரே தடையில் அடக்கியது அது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு இரண்டு ஆண்டு, ஐம்பது லட்சம். பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்யும் நிறுவனத்துக்கும் தண்டனை உண்டு. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. இதை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட வழக்குகள் செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

அந்த வாரம் எல்லாரும் சட்டம் நிற்குமா நிற்காதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் செயலியில் கிடந்த 3,412 ரூபாயை எடுத்தேன். அமெரிக்காவில் நடந்ததை எங்கோ படித்தது நினைவில் இருந்தது. அங்கும் 2006-இல் வந்த சட்டம் ஆடுகிறவரை விட்டுவிட்டு, வங்கி வழியாகப் போகும் பணத்தைத்தான் தடுத்தது. 2011 ஏப்ரல் 15 அன்று பெரிய போக்கர் தளங்களின் இணைய முகவரிகளை அரசு கைப்பற்றியபோது, ஒரு தளத்தில் பணம் வைத்திருந்த அமெரிக்கர்களுக்கு 2014-இல்தான் அது திரும்பத் தொடங்கியது. செயலியின் பணப்பை வங்கிக் கணக்கு அல்ல. அதில் இருப்பது நமக்கு வர வேண்டிய கடன். சட்டம் மாறும் என்று பேச்சு எழுந்த அன்றே முதலில் அதை எடுத்துவிட வேண்டும், அடுத்து கணக்கு விவரத்தையும் வரிப் பிடித்தச் சான்றையும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நான் பணத்தை எடுத்தேன், விவரத்தை நவம்பரில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நவம்பரில் செயலி திறக்கவில்லை. மின்னஞ்சல் எழுதி, ஐந்து வாரம் காத்திருந்து வாங்கினேன்.

சித்தப்பா மகன் நிறுத்தவில்லை. டெலிகிராமில் வந்த ஓர் இணைப்பு வழியாக வெளிநாட்டுச் செயலி ஒன்றில் சேர்ந்தான். பணம் போடும்போதெல்லாம் வேறு வேறு தனிநபர்களின் யு.பி.ஐ. முகவரி வந்தது. அவன் ஜெயித்த 8,000 ரூபாயும் முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்துதான் வந்தது. பத்து நாள் கழித்துப் பால் கூட்டுறவுப் பணம் எடுக்கப் போனவனிடம், வேறு மாநிலக் காவல் நிலையப் புகாரின் பேரில் கணக்கு முடக்கப்பட்டிருப்பதாக வங்கியில் சொன்னார்கள். யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் பல கை மாறி இவனிடம் வெற்றித் தொகையாக வந்திருக்கிறது. ஆடியதற்குத் தண்டனை இல்லை என்ற வரியை அவன் மனப்பாடமாக வைத்திருந்தான். அந்த வரியால் அங்கே ஒரு பயனும் இல்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் வங்கிக் கிளையில் வாய்மொழிப் பதிலோடு திரும்பாமல், புகார் எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்பதை எழுத்தில் வாங்கினோம். பிறகு அந்த நிலையத்து விசாரணை அதிகாரிக்கு, பணம் எந்த ஆட்டத்தில் வந்தது என்பதை மறைக்காமல், செயலியின் ஸ்கிரீன்ஷாட்டுகளோடும் ஆறு மாத வங்கிக் குறிப்போடும் கடிதம் அனுப்பினோம். தேங்காய் விற்ற பணம் என்று எழுதலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். களத்தின் கணக்கு என் கையில் இருப்பதால் அதை அந்த இடத்திலேயே மறுத்தேன். கணக்கு முழுவதையும் முடக்காமல் சர்ச்சைக்குரிய 8,000 ரூபாயை மட்டும் நிறுத்திவைக்கும்படி கேட்டோம். ஏழு வாரத்தில் மீதிப் பணம் விடுபட்டது. இடையில், செயலியின் ஆள் ஒருவன் அழைத்து, 2,500 ரூபாய் அனுப்பினால் முடக்கத்தை நீக்கித் தருவதாகச் சொன்னான். அன்று சித்தப்பா மகன் என்னிடம் கேட்காமல் அனுப்பியிருந்தால் அதுவும் போயிருக்கும். அந்த எண்ணைச் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் அழைத்துப் பதிவு செய்தோம்.

போன வாரம் அவனும் நானும் வண்ணாமடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கடையில் தொங்கிய லாட்டரிச் சீட்டுகளைக் காட்டி, "இது மட்டும் எப்படீங்ணா செல்லுது?" என்று கேட்டான். அரசு லாட்டரிக்கு 1998-இல் மத்திய அரசு போட்ட தனிச் சட்டம் இருக்கிறது, அதன்படி மாநிலங்கள் நடத்தலாம் என்றேன். அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். அந்த 8,000 ரூபாய் இன்னும் வங்கியிலேயே நிற்கிறது. அடுத்த மாதம் அந்தக் காவல் நிலையத்துக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ரயில் சீட்டு எடுத்தாகிவிட்டது, போகவர இருவருக்கும் 2,900 ரூபாய், அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.